தோள்கம்பு

ஹமீட் சேர் குள்ளம் என்று சாய்ந்தமருதில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் நிற்கிற தோரணையைப் பார்த்தால், எதிரே நிற்கிறவர்கள்தான் தேவைக்கு அதிகமாக வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். குழுப்படம் எடுக்கும்போது முன்வரிசைக் கதிரையில் அமர்ந்துகொள்வார். கதிரை இல்லாத இடங்களில் படியைத் தேடிக்கொள்வார்.

அவருக்கு இருந்த பட்டங்கள் அவரைவிட நீளம். ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான், பிறைச்சுடர் விளையாட்டுக் கழகத்தின் ஸ்தாபகத் தலைவர், சேவைக் கீர்த்தி. கடைசிப் பட்டம் கொழும்பில் ஒரு மண்டபத்தில், ஒரே பின்னேரத்தில், மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு வழங்கப்பட்டபோது அவருக்கும் வந்து சேர்ந்தது. மண்டபத்தில் பட்டம் கிடைக்காமல் திரும்பியவர் சாரதி மட்டும்தான்.

கரையோரக் கழகங்களின் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு அவர்தான் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். லுஹர் தொழுகை முடியத் தொடங்கி மஃரிபுக்கு முன்னால் முடிக்க வேண்டும், நடுவில் அஸருக்கும் நேரம் விட வேண்டும் என்பதால் ஆட்டம் இருபத்தைந்து ஓவர். இந்த இருபத்தைந்துதான் சிக்கலைக் கொண்டுவந்தது. இருபது ஓவர் ஆட்டமென்றால் ஓவருக்கு ஒரு பவுன்சர், ஐம்பது ஓவரென்றால் இரண்டு. அது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இருபத்தைந்துக்கு எத்தனை என்று உலகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

விதிகளைத் திருத்தும் கூட்டத்தில் இது பற்றித் தேநீர் ஆறும்வரை விவாதித்தார்கள். கணித ஆசிரியராக இருந்த உறுப்பினர் ஒருவர் விகிதப்படி போட்டுப் பார்த்து, ஓவருக்கு ஒன்றும் ஆறில் ஒன்றும் வருகிறது என்றார். அந்த ஆறில் ஒன்றை எப்படி வீசுவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அது பந்துவீச்சாளர்களின் பிரச்சினை என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். முடிவில் ஓவருக்கு ஒன்று என்று தீர்மானமாயிற்று. துடுப்பாட்டக்காரர் நிமிர்ந்து நிற்கும்போது அவருடைய தோளுக்கு மேலே போனால் அது பவுன்சர். அதே ஓவரில் இரண்டாவது போனால் நோபோல். தலைக்கு மேலே போனால் அகலப்பந்து, ஆனால் ஓவருக்குரிய அந்த ஒன்று அதிலேயே செலவாகிவிடும்.

அப்போது யாரோ கேட்டார்கள்: ஆடுகிற நேரத்தில் எவன் நிமிர்ந்து நிற்கிறான்? போன வருட அரையிறுதியில் இதே கேள்விக்காகத்தான் இரண்டு குச்சிகளும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் உடைந்திருந்தன.

ஹமீட் சேர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். எழுந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றாலும் கூட்டம் அமைதியானது. அவர் ஒரு கம்பை அறிமுகப்படுத்தினார். வெள்ளையும் நீலமும் பூசிய மூங்கில் கம்பு. அதில் சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டிய இரண்டு வளையங்கள், களத்தில் நிற்கிற இருவருக்கும் ஆளுக்கொன்றாக, ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. களத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பக்கவாட்டு நடுவரிடம் போய்க் கம்போடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். நடுவர் அவருடைய தோளுக்கு நேராக வளையத்தை நகர்த்திக்கொள்வார். பிறகு எவன் குனிந்தாலென்ன, குந்தினாலென்ன, பந்து வளையத்துக்கு மேலா கீழா என்று பார்த்தால் போதும். நூற்றாண்டு காலச் சச்சரவு ஒன்று கல்முனைக் கரையில் தீர்ந்துவிட்டதாக அவர் உரையை முடித்தார். குர்பானுக்கு மாடு பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது நன்றியுரையில் அடிபட்டுப் போயிற்று.

அதே கூட்டத்தில் ஒவ்வொரு அணியிலும் ஐம்பது தாண்டிய ஒருவர் கட்டாயம் ஆட வேண்டும் என்றும் ஒரு விதி நிறைவேறியது. அதை முன்மொழிந்தவரும் வழிமொழிய ஆள் தேடியவரும் ஒரே ஆள். அவருக்கு ஐம்பத்தாறு.

*

அவருடைய மருமகன் சாஜித், மருதமுனை கடல்முத்துக் கழகத்தின் வேகப் பந்துவீச்சாளன்.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுகிறவர் மாப்பிள்ளைதான். சாஜித்தும் பெருநாள் கழிய சேரின் மகள் சஹ்லாவை நிக்காஹ் முடித்து, தன் இரண்டு பெட்டிகளோடு சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தான். பெட்டிகள் வந்தன, கழகம் மட்டும் மருதமுனையிலேயே நின்றுவிட்டது.

வந்த வீட்டில் அவனை மரியாதையால் வாட்டினார்கள். கல்முனையில் அவன் வேலை செய்கிற மருந்துக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தால், மேசையில் தனிச் சோற்றுக் கோப்பை, அதில் பாரை மீனின் பெரிய தலை. மாமி ஜுனைதா கதவுச்சேலைக்குப் பின்னால் நின்று, இன்னும் வைக்கச் சொல்லு புள்ள என்று மகளை ஏவுவார். ஒருநாள் தண்ணீர் மோட்டரைத் தானே போடப் போனான். மாப்பிள்ளை மோட்டர் போடுகிறார் என்று வீடு பதறிவிட்டது. ஒரு விளக்கு மாற்ற விடவில்லை, ஒரு வாளி தூக்க விடவில்லை. மாமா அவனை ‘மருமகன்’ என்று அழைத்து, நாட்டு நடப்பைப் பற்றி, வரவேற்புரை மாதிரி நாலு வசனம் பேசிவிட்டுப் போய்விடுவார். இந்த வீட்டில் விருந்தாளியாகவே தனக்கு நரை விழுந்துவிடுமோ என்று சாஜித் பயந்தான்.

வீட்டில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் முழங்கால் ஒருமுறை மக்கர் பண்ணியதிலிருந்து, மாமி அவருடைய கிரிக்கெட் பையை அறைக்குள் இருக்கிற உயரமான அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். பயிற்சி நாட்களில் அறைக் கதவு சாத்தப்படும். உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மாமா, பள்ளிவாசலுக்குப் போகிற முகத்தோடு, பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியேறுவார். கையை நீட்டினால் சாஜித்துக்கு அந்த அலுமாரியின் உச்சி எட்டும். ஆனால் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

இறுதிப் போட்டி பிறைச்சுடருக்கும் கடல்முத்துக்கும் என்று ஆனதும் சஹ்லாவுக்குத் தூக்கம் போயிற்று. போட்டியன்று காலையில் அவன் சேர்ட்டைத் தேய்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள்.

“மச்சான், வாப்பாக்குப் பந்து பட்டா உம்மா உங்களுக்குச் சோறு போடுவா, ஆனா முகம் குடுக்க மாட்டா. நீங்க பாவம் பாத்துப் போட்டீங்க எண்டு தெரிஞ்சா வாப்பா முகம் குடுப்பாரு, ஆனா கதைக்க மாட்டாரு.”

“இப்ப மட்டும் அவரு என்னோட கதைக்கிறாரா?”

“இப்ப இரிக்கிறது கூச்சம். மறுகா வாறது கோவம். ரெண்டும் வேற.”

பிறகு அவள் ஒரு பரிசுக் கோப்பையின் கதையைச் சொன்னாள். வாப்பா அதிபராக இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நடைப்போட்டி வைத்தார்கள். அவர் முன்னுக்கு வரட்டும் என்று மற்றவர்களெல்லாம் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். கோப்பையோடு வீட்டுக்கு வந்தவருக்கு, பின்னேரம் யாரோ சொல்லி விஷயம் தெரிந்துபோயிற்று. அடுத்த நாள் கோப்பை திரும்பிப் போனது. நடந்தவர்கள் எல்லாரோடும் ஒரு தவணை முழுக்கச் சுற்றறிக்கை மூலம்தான் பேசினார்.

ஆக, படவும் கூடாது, விட்டதாகத் தெரியவும் கூடாது. சாஜித் தேய்த்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, இந்த இரண்டுக்கும் நடுவில் பந்து போக எவ்வளவு இடம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கடற்கரை மைதானத்துக்குப் போனான்.

*

கடல்முத்து முதலில் ஆடி நூற்றி நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே எடுத்தது. அஸர் தொழுது வந்ததும் பிறைச்சுடரின் ஆட்டம் தொடங்கியது.

ஒலிபெருக்கியில் அப்ராஸ் இருந்தான். பந்தைப் பார்க்காமலே வர்ணனை செய்யக்கூடியவன். ஹமீட் சேர் தொடக்க ஆட்டக்காரராகக் கூடாரத்திலிருந்து கிளம்பியபோது அவன் பட்டங்களை வாசிக்கத் தொடங்கினான். சேவைக் கீர்த்தி வரும்போது அவர் பக்கவாட்டு நடுவரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்.

அந்த நடுவர் பாண்டிருப்பு வேலப்போடி. இரண்டு ஊரும் அவருடையதல்ல என்பதால் இரண்டு ஊரும் நம்புகிற மனிதர். ஹமீட் சேர் கம்போடு ஒட்டி நின்றார். நெஞ்சு முன்னே வந்தது. தோள்கள் காதுவரை ஏறின. ஏற்கெனவே தடித்த அட்டை வைத்த சப்பாத்து, அதற்குள் குதிகால் மெல்ல உயர்ந்தது. வேலப்போடி இதையெல்லாம் கண்டார். கண்டு என்ன செய்வது? தன் மகளுக்கு அதிபராக இருந்தவரிடம் குதிகாலை இறக்குங்கள் சேர் என்று எப்படிச் சொல்வது? அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சிவப்பு வளையத்தை மேலே தள்ளினார்.

பந்தோடு நின்ற சாஜித் அந்த வளையத்தைப் பார்த்தான். அவனுக்கு மாமாவின் தோள் எங்கே இருக்கிறதென்று நிச்சயமாகத் தெரியும். நிக்காஹ் முடிந்து கட்டித் தழுவியபோது மாமாவின் தொப்பி அவன் தாடையில் முட்டியது. அவன் கோட்டின் நெஞ்சுப் பையிலிருந்த பேனை மாமாவின் தோளில் குத்தி, அவர் “ஸ்ஸ்” என்றார். அந்த வீட்டில் மாமா அவனிடம் உரையாற்றாமல் வெளிவிட்ட ஒரே சத்தம் அதுதான். நெஞ்சுப் பை இருக்கிற உயரம் எங்கே, இந்தச் சிவப்பு வளையம் எங்கே. கம்பில் நின்றது மாமாவின் தோளே இல்லை. அது அவருடைய தாடை.

முதல் பந்து ஒழுங்காகப் போனது. இரண்டாவதை அவன் குட்டையாகப் போட நினைக்கவில்லை. ஆனால் ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்று விரிப்பின் மடிப்பில் பட்டு அது தானாக எழும்பியது. ஹமீட் சேர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். கழகத்தின் ஒரே தலைக்கவசம், யாரோ பெரிய தலைக்காரனுக்கு வாங்கியது, அவர் தலையில் கால்வாசி சுற்றி ஒரு காதுக்கு முன்னால் வந்து நின்றது. பந்து அவர் கழுத்துக்கு நேரே சீறிக்கொண்டு போயிற்று.

எல்லாரும் வேலப்போடியைப் பார்த்தார்கள். வேலப்போடி கம்பைப் பார்த்தார். வளையத்துக்குக் கீழே. பவுன்சரே இல்லை. ஓவருக்குரிய அந்த ஒன்று செலவாகாமல் அப்படியே இருந்தது.

சாஜித்தின் அணித்தலைவன் றிஷாட் ஓடி வந்தான். இருவரும் ஒரே பாயில் குர்ஆன் ஓதப் படித்தவர்கள். றிஷாட்டுக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. சட்டத்தை எழுதியவரே சட்டத்துக்கு வெளியே போய் நிற்கிறார், இதே பந்தை ஓவர் முழுக்கப் போடலாம், கேட்க ஆளில்லை, இதையே போடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாஜித் போடவில்லை. அடுத்த பந்தை நீட்டிப் போட்டான், துடுப்பின் நடுவுக்கே போய்ச் சேர்கிற மாதிரி. அது எல்லைக்குப் போனது. அதற்கடுத்ததும் போனது. மூன்றாவது ஓவரில் இன்னும் இரண்டு. சாய்ந்தமருதுப் பக்கம் விசில் பறந்தது. சேவைக் கீர்த்தியின் துடுப்பு இன்று பேசுகிறது என்றான் அப்ராஸ். ஹமீட் சேர் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் படத்துக்கு நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மருதமுனைப் பக்கத்திலிருந்து குரல்கள் வரத் தொடங்கின. மாமிர புரியாணி வேலை செய்யுது என்றார்கள். ராவைக்குப் பாரைத் தலை நிச்சயம், நாளைக்கு மாமா மோட்டசைக்கிளும் குடுப்பாரு என்றார்கள். அவன் கூடவே வளர்ந்த பையன்கள். சாஜித்தின் காது மடல் சிவந்தது. அவன் யாரையும் பார்க்காமல் பந்தைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு ஓட்டம் எடுத்து ஹமீட் சேர் பந்து வீசுகிற முனைக்கு வந்திருந்தபோது றிஷாட் மறுபடி வந்தான். இம்முறை ஓடி வரவில்லை, நடந்து வந்தான்.

“நீ சாய்ந்தமருது ஆளாகிட்டாய் எண்டா அதச் சொல்லு, சாஜித். நான் பந்த வேற ஆளிட்டக் குடுக்கிறன். சொல்லாம இப்பிடிச் செய்யாத.”

சாஜித் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினான். என்ன சொல்வது? மாமா குதிகாலை உயர்த்தினார் என்றா? அதை இந்த மைதானத்தில் சொல்வதைவிடப் பந்தைக் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கலாம்.

கைக்கெட்டுகிற தூரத்தில் நின்ற ஹமீட் சேருக்கு இது முழுக்கக் கேட்டது. அவர் மருமகனின் காதைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற சிவப்பு வளையத்தைப் பார்த்தார். நடைப்போட்டியின் கோப்பையை அவர் மறந்திருக்கவில்லை. தான் அடித்த எல்லை அடிகளெல்லாம் அந்தக் கோப்பையின் வம்சம்தான் என்று அவருக்கு இப்போது விளங்கியது. ஆனால் அன்றைக்குக் காலை இழுத்து நடந்த ஆசிரியர்களை யாரும் விசிலடித்து ஏசவில்லை. இந்தப் பையன் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். வாய் திறக்காமல் நிற்கிறான்.

சாஜித்தின் அடுத்த ஓவரில் முதல் பந்து மறுபடியும் இனிப்பாக வந்தது. ஹமீட் சேர் அதை அடிக்கவில்லை. காலடியில் நிறுத்தி, குனிந்து, கையால் எடுத்து சாஜித்திடம் உருட்டிவிட்டார். பிறகு கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பக்கவாட்டு நடுவரை நோக்கி நடந்தார். ஏதோ முறைப்பாடு என்று எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய முறைப்பாடுகள் நீளமானவை. இரண்டு மூன்று பேர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“வேலப்போடி, இந்த ரப்பர் மேல ஏறியிரிக்கு போல.”

“ஓம் சேர்,” என்றார் வேலப்போடி, கடலிடம். “காத்துக்கு ஏறியிருக்கும்.”

ஹமீட் சேர் அந்தக் காற்றை ஏற்றுக்கொண்டிருக்கலாம். வேலப்போடி அதை அவ்வளவு பணிவாக நீட்டினார். ஆனால் அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மணலில் வைத்தார். பிறகு குந்தி, இரண்டு சப்பாத்துகளின் நாடாவையும் அவிழ்த்தார். கழற்றும்போது உள்ளிருந்த அட்டைகள் வெளியே விழுந்தன, பழைய கொப்பி மட்டையை மடித்து மடித்து வெட்டியவை. காலுறையோடு மணலில் நின்றார். குதிகால் மணலில் பதிந்தது. தோள்களை, பெருமூச்சு விடுகிற மாதிரி, இறக்கிவிட்டார்.

வேலப்போடி வளையத்தைக் கீழே நகர்த்தினார். இன்னும் கீழே. அது இறங்கிக்கொண்டே போனது. எங்கோ ஒரு சிரிப்புத் தொடங்கி, சேர்ந்து சிரிக்க ஆள் கிடைக்காமல் நின்றுபோயிற்று. ஒலிபெருக்கியில் அப்ராஸ் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சப்பாத்தையும் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு, அட்டைகளை வேலப்போடியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்தார். விரிப்பின் நடுவில் நின்று, மருதமுனைப் பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பறைக் குரலில் சொன்னார்:

“அதுதான் என்ட தோள். அவரு போடாம விட்டது எனக்காக இல்ல, கம்பு பிழை எண்டு அவருக்குத் தெரியும். இப்ப கம்பு சரி.” பிறகு குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும்: “போடுங்க மகன். நீங்க மருதமுனைக்குத்தானே விளையாடுறீங்க.”

மருமகன் என்ற சொல்லில் பாதியை அவர் சப்பாத்து அட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்போல.

சாஜித் நீண்ட தூரம் நடந்து போனான். கண் கலங்கியிருந்தது, அதனால் தேவைக்கு அதிகமாகவே நடந்துவிட்டான். ஓடி வந்து, தன்னால் முடிந்த வேகத்தில், குட்டையாகப் போட்டான். பந்து விரிப்பில் குத்தி எழும்பியது. ஹமீட் சேர் உடம்பை வளைத்து ஒதுங்கினார். தலைக்கவசம் இன்னொரு காதுக்குச் சுற்றியது. பந்து அவருடைய உண்மையான தோளுக்கு மேலே, உண்மையான காதைத் தாண்டிப் போயிற்று. வேலப்போடி கம்பைப் பார்த்து, ஒரு விரலை உயர்த்தி உரத்துச் சொன்னார்: ஓவருக்கு ஒன்று.

ஹமீட் சேர் கவசத்தை நேராக்கினார். அவர் முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. இனி இந்த ஓவரில் இன்னொன்று வராது. வந்தால் நோபோல். அவருடைய சட்டம் முதல் முறையாக அவரையும் சேர்த்துக் காப்பாற்றியது. அந்தத் தைரியத்தில் அடுத்த பந்துக்கு ஒரு அடி முன்னே வைத்தார்.

பந்து அவருடைய பெருவிரலுக்கும் துடுப்புக்கும் நடுவில் புகுந்து நடுக்குச்சியைப் பிடுங்கியது.

றிஷாட் வந்து சாஜித்தின் முதுகில் விழுந்தான். ஹமீட் சேர் விழுந்த குச்சியை எடுத்து நட்டுவிட்டு, துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அப்ராஸ் பட்டங்களைத் தேடி எடுக்காமல், ஹமீட், இருபத்தொரு ஓட்டம் என்று மட்டும் சொன்னான். மருதமுனைப் பையன்கள் சிலர் கை தட்டினார்கள். பிறகு எல்லாருமே தட்டினார்கள்.

*

கிண்ணம் மருதமுனைக்குப் போனது. மஃரிப் தொழுதுவிட்டு சாஜித் வீட்டுக்கு வந்தபோது மாமி வழக்கம்போல மேசையில் சோற்றுக் கோப்பை வைத்திருந்தார். தலை பாரைத் தலைதான், அளவு குறையவில்லை. சஹ்லா அவனுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனாள்.

அறைக்குள் கதிரை இழுபடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

“மகன், இஞ்ச ஒருக்கா வாங்க.”

உள்ளே மாமா காலுறையோடு நின்றார். ஒரு கை கதிரையின் முதுகில். மறு கையில் கிரிக்கெட் பை.

“இத மேல வைங்க, மாமி காணுறதுக்கு முதல்,” என்றார். “கரையோரமா வைங்க. வெள்ளிக்கிழமை பயிற்சி இரிக்கு, எடுத்துத் தரணும்.”

சாஜித் வாங்கி, கையை நீட்டி, அலுமாரியின் மேலே வைத்தான். அங்கே தூசி படிந்திருந்தது, பை இருந்த இடம் மட்டும் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மாமா அவனுடைய கை போய்ச் சேருகிற உயரத்தை ஏதோ அதிசயம்போல அண்ணாந்து பார்த்தார்.

வெளியே குசினிப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது.

“புள்ள, கதிரைச் சத்தம் பாதியில நிண்டு போச்சு. உங்க வாப்பா விழுந்திட்டாரா எண்டு பாரு.”

மாமா விரலை உதட்டில் வைத்தார். சாஜித் கதிரையை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் உரசாமல், அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.